கோதுமை புகுந்த கதை
(பெங்களூர்த் தமிழர் அடுக்களையின் வரலாற்றில் ஒரு பகுதி)

மன்னர்கள் போரிட்ட வரலாற்றைப் பள்ளியில் படித்தோம். அரண்களும் கோயில்களும் எழுந்த வரலாற்றைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். நாள்தோறும் நாம் உண்ணும் உணவு எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டில் எக்காரணத்தால் நம் தட்டில் இடம் பெற்றது என்பதை மட்டும் நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை இன்று பல இல்லங்களில் நேர்ந்திருக்கிறது. கோதுமையை அறவே விலக்க வேண்டிய குழந்தைகள் நம்மிடையே இருக்கிறார்கள். 'கோதுமை இல்லாமல் என்ன சமைப்பது?' என்று தாய்மார் கலங்குகிறார்கள். அக்கலக்கத்திற்கு வரலாறே விடை சொல்லும் என்பது எம் துணிபு. ஆகவே இவ்வாண்டு மலரில் அவ்வரலாற்றைச் சுருக்கமாக எழுத முற்பட்டோம்.

தமிழர் கொண்டுவந்த உணவு

1809-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயர் தம் படைக்குத் தண்டு அமைத்தனர். படையோடு தமிழரும் வந்தனர். சிப்பாய்கள், கட்டடத் தொழிலாளர், வணிகர், எழுத்தர், வீட்டு வேலை செய்வோர் எனப் பலரும் அல்சூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் குடியேறினர். 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் இவ்வரவு பெருகியது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வண்டியேறினர். அவர்களுடைய கட்டுச்சோற்றில் இருந்தவை புளிச்சோறும் தயிர்ச்சோறும் கேழ்வரகு அடையுமே. கோதுமை அதில் இல்லை.

வந்து சேர்ந்த ஊரிலும் அவர்கள் கண்ட உணவு அந்நியமாய் இருக்கவில்லை. மைசூர் நாட்டு உழவனின் முதன்மை உணவு ராகி முத்தே. நம் தருமபுரிக்காரரின் கேழ்வரகுக் களியும் அதுவே; பெயர் மட்டுமே வேறு. கேழ்வரகு ஆப்பிரிக்காவின் கிழக்கு மலைநாட்டில் தோன்றி, மிகப் பழங்காலத்திலேயே இந்நாட்டை வந்தடைந்த தானியம் என்பர் அறிஞர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர் 'இராமதான்ய சரித்திரம்' என்னும் கன்னட நூலில் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் வழக்கு மூட்டி, இராமபிரானையே நடுவராக்கி, கேழ்வரகுக்கு வெற்றி தந்தார். ஏழையின் தானியத்திற்கு ஒரு பக்தர் எடுத்த விழா அது எனலாம்.

இட்டலியின் வரலாறும் இவ்வாறே இரு மொழியாருக்கும் பொதுவானது. கி.பி. 920-ஐ ஒட்டி எழுந்த 'வட்டாராதனை' என்னும் கன்னட உரைநடை நூலில் 'இட்டலிகெ' என்ற பெயர் காணப்படுகிறது. கி.பி. 1025-ஐ ஒட்டிச் சாவுண்டராயர் இயற்றிய 'லோகோபகாரம்' உளுந்தை ஊறவைத்து அரைத்து அதனைச் செய்யும் முறையையும் கூறுகிறது. உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சய்யா இச்செய்திகளைத் தம் நூல்களில் தொகுத்துத் தந்துள்ளார். அக்காலத்து இட்டலியில் அரிசியே இருந்ததாகத் தெரியவில்லை; பின்னர் அரிசி சேர்ந்தது. உளுந்து ஆயினும் அரிசி ஆயினும், கோதுமைக்கு அங்கு இடமில்லை. இட்டலி, தோசை, அடை, புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை, பொங்கல், களி, கூழ் என்று நம் முன்னோர் சமைத்த வரிசையைக் கூறிப் பாருங்கள். கோதுமை தேவைப்படும் பண்டம் ஒன்றும் அவற்றில் இல்லை அன்றோ?

கோதுமை வந்த வழிகள்

பெங்களூரில் கோதுமை முதலில் தண்டின் ரொட்டிக் கிடங்குகள் வழியாகப் பரவியது. வெள்ளைச் சிப்பாய்க்கு ரொட்டி வேண்டியிருந்தது. பின்னர் நகரெங்கும் அடுமனைகள் தோன்றின. ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் நடத்திய அடுமனைகள் ரொட்டியையும் காரப் பன்னையும் சைவ உணவினர் வாங்கி உண்ணும் பண்டங்களாக்கின. ஆயினும் அவை மாலைச் சிற்றுண்டியாகவே நின்றன. அடுக்களைக்குள் கோதுமை நுழைந்தது போரினால்.

1942-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இரங்கூன் நகரம் சப்பானியர் கைப்பட்டது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசிக்குத் தட்டுப்பாடும் பங்கீடும் வந்தன. லால்பாக் அருகே 1924-இல் தோன்றிப் புகழ் பெற்றிருந்த மாவள்ளி டிபன் ரூம்ஸ் உணவகத்தார், அரிசி கிட்டாத அந்நாளில் கோதுமை ரவையைக் கொண்டு இட்டலி அவித்துப் பார்த்ததாகவும், அதுவே ரவை இட்டலி ஆயிற்று என்றும் கூறுவர். ஆயிரம் ஆண்டுகளாகக் கோதுமை கலவாதிருந்த இட்டலியில் கோதுமை கலந்தது இந்நகரில், அப்போர்க் காலத்தில். பசித்த வயிறுகளுக்கு அவர்கள் செய்த தொண்டினை யாம் குறைத்துப் பேசவில்லை. இன்றும் அதன் சுவையைப் பாராட்டாதார் இல்லை. வரலாற்றின் போக்கைக் காட்டவே இதனைக் குறிப்பிட்டோம்.

விடுதலைக்குப் பின்னும் தானியப் பற்றாக்குறை நீங்கவில்லை. 1956-இல் அமெரிக்காவுடன் உணவு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 480-ஆம் எண் பொதுச் சட்டத்தின் கீழ் வந்த அக்கோதுமையைப் 'பி.எல். 480 கோதுமை' என்று நாடே அழைத்தது. 1960-இல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு கோடியே அறுபது இலட்சம் டன் கோதுமைக்கு மறு ஒப்பந்தம் ஆயிற்று. துறைமுகத்தில் இறங்கிய கோதுமையை நாட்டின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் சுமந்து சென்றது எம் இருப்புப்பாதைத் துறையே. பங்கீட்டுக் கடையில் அரிசியோடு கோதுமையும் அளந்தார்கள். அதுவரை கோதுமை மாவைப் பிசைந்தறியாத தமிழ்ப் பெண்கள் சப்பாத்தி இடக் கற்றார்கள்.

பின்னர் கோதுமை இந்நாட்டிலேயே பெருகியது. அதில் தமிழர் இருவரின் பங்கு பெரிது. உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் அவர்கள் 1966-இல் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைத் தருவிக்க வழி செய்தார். கும்பகோணத்தில் பிறந்த அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் அவ்விதைகளை நம் மண்ணுக்கு ஏற்பத் திருத்தும் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். 1965-இல் தோன்றிய இந்திய உணவுக் கழகம் பஞ்சாபில் விளைந்ததைத் தெற்கே அனுப்பலாயிற்று. பஞ்சம் அகன்றது. நாடு தலைநிமிர்ந்தது. அதே வேளையில் கேழ்வரகும் சாமையும் தினையும் 'ஏழை உணவு' என்னும் பெயருடன் பின்தள்ளப்பட்டன. நீரிழிவுக்கு இரவில் சப்பாத்தி நல்லது என்ற எண்ணமும் வீடுதோறும் பரவியது. இவ்வாறு இரண்டு தலைமுறைக்குள் கோதுமை நம் அன்றாட உணவாயிற்று.

கடல் கடந்த ஒரு கண்டுபிடிப்பு

இனி, கோதுமை சிலர் உடலுக்கு ஏன் ஒவ்வாது என்பதைக் காண்போம். கோதுமை மாவைப் பிசைந்தால் இழுத்த இழுப்புக்கு வருகிறது. அதற்குக் காரணமான பசைப்புரதத்தைக் குளூட்டன் என்பர். பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இதையொத்த புரதங்கள் உண்டு. பிறப்பிலேயே அதற்குரிய மரபுக்கூறு அமைந்த சிலருக்கு, இப்புரதம் சிறுகுடலின் உட்புறத்தே உள்ள நுண்ணிய உறிஞ்சிகளைத் தேய்த்துவிடுகிறது. உண்டது உடலில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், இரத்தசோகை, வளர்ச்சி குன்றல் முதலியன தோன்றும். இதுவே சீலியாக் நோய்.

1888-இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விவரித்து, உணவு முறையாலேயே இது தீர வேண்டும் என்றார். ஆனால் எவ்வுணவு என்பதில் அவர் வழி தவறினார். அரிசியை விலக்கச் சொன்னார். இருபுறமும் நன்கு வாட்டிய மெல்லிய ரொட்டியை அனுமதித்தார். 1924-இல் நியூயார்க்கு மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவு முறையை வெளியிட்டார். ரொட்டி விலக்கப்பட்டதால் குழந்தைகள் தேறினர். தேற்றியது வாழைப்பழம் என்று அவர் நம்பினார்.

உண்மையைக் கண்டவர் டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் கரேல் டிக்கே. ரொட்டியின் மீது அவருக்கு முன்னரே ஐயம் இருந்தது. 1944-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் செர்மானியர் பிடியிலிருந்த அந்நாட்டின் மேற்குப் பகுதியில் கொடும் பஞ்சம் வந்தது. ரொட்டி இல்லை, மக்கள் துலிப் மலர்ச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்து உண்டனர். நாடு முழுவதும் மெலிந்த அக்காலத்தில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். மீண்டும் ரொட்டி கிடைத்தபோது நோயும் மீண்டது. டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டை உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்தார். அவரும் தோழர்களும் 1953-இல் வெளியிட்ட கட்டுரைகள் கோதுமையின் பசைப்புரதமே குற்றவாளி என நிறுவின.

ஒரே உலகப்போர் பெங்களூரில் கோதுமையை இட்டலிக்குள் கொண்டுவந்தது. டச்சு நாட்டில் கோதுமையைத் தட்டிலிருந்து அகற்றிக் குழந்தைகளைத் தேற்றியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோருக்கு வியப்பு உண்டாகாமற் போகாது.

'இது வடநாட்டு நோய். நமக்கு வாராது' என்பார் உளர். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தரும். இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரை ஆராய்ந்ததில், இந்நோய் வடக்கே நூற்றுக்கு 1.23 என்ற அளவிலும் தெற்கே 0.10 என்ற அளவிலும் காணப்பட்டது. ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறோ வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கே 36 பேரிடமும் இருந்தது. வேறுபட்டது கோதுமையின் அளவே: வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆகவே நம் உடலமைப்பு தனிக் காப்பு எதுவும் பெற்றதன்று. நம் பாட்டிமார் சமைத்த உணவே நம்மைக் காத்து வந்தது போலும்.

எம் இல்லத்தில் கண்டது

எம் மகளுக்கு ஒன்பது வயதில் இந்நோய் உண்டென்று தெரியவந்தது. அதற்குமுன் மூன்றாண்டுகள் இரத்தசோகை என்றும் பூச்சி என்றும் மருந்து கொடுத்து வந்தனர். இரத்தச் சோதனையும் குடலின் உட்தோல் ஆய்வும் செய்த பின்னரே உண்மை விளங்கியது. இங்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். ஐயம் தோன்றியவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்திவிட்டால் சோதனையில் நோய் மறைந்து நிற்கும். முதலில் மருத்துவரிடம் சோதனை, பின்னரே விலக்கு. விலக்கத் தொடங்கியபின் அது வாழ்நாள் முழுமைக்கும் உரியது. சிறு துண்டு ரொட்டியும் ஆகாது.

நோயினும் பெருந்தொல்லை வீட்டாரின் நாவே. தாயாருக்கு இரவில் சப்பாத்தி வேண்டும். மகனுக்கு ரவை உப்புமா வேண்டும். கேழ்வரகு என்றாலே முகம் சுளிப்பார் இருவர். காலையில் அலுவலகம், பள்ளி என்று ஓடும் வீட்டில் ஒருத்திக்கென்று தனிச் சமையல் எத்தனை நாள் நடக்கும்? தனிச் சமையல் குழந்தையையும் தனிமைப்படுத்தும். ஆகவே எல்லோருக்கும் ஒரே உலை என்று எம் இல்லத்தரசியார் முடிவு செய்தார். அம்முடிவு நிறைவேறத் துணை நின்றவை பழைய முறைகளே.

சப்பாத்திக்கு ஈடாக வந்தது இந்நாட்டு அக்கி ரொட்டி. அரிசி மாவில் இழுக்கும் பசை இல்லை. குளிர்ந்த நீரில் பிசைந்தால் உடையும். கொதிக்கும் நீரில் உப்பிட்டு மாவைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் பிசைந்தால் மாவு வெந்து தானே ஒட்டிக்கொள்ளும். வாழையிலையில் தட்டிக் கல்லில் இட்டால் கால் மணியில் ரொட்டி ஆயிற்று. இடியாப்பத்திற்கும் கொழுக்கட்டைக்கும் நம் பாட்டிமார் வெந்நீர் ஊற்றியது இக்காரணத்தாலேயே. தாயார் அதனைக் குருமாவுடன் உண்டு, சப்பாத்தியை மறந்தார்.

ரவைக்கு ஈடாக வந்தது அரிசியை உடைத்த குருணை. துவரம் பருப்பும் மிளகும் உடைத்துப் போட்டுத் தாளித்தால் பழைய அரிசி உப்புமா. ஆவியில் அவித்தால் இட்டலி. சேமியாவுக்கு ஈடாக அரிசிச் சேவை. அவசர நாளுக்கு அவல். நனைத்துத் தாளிக்கப் பத்து நிமிடம் போதும். முதல் நாள் தோசை மாவில் இரண்டு கரண்டி கேழ்வரகு மாவைக் கரைத்து மெல்லிய தோசையாக வார்த்தால், முகம் சுளித்தவரும் வேறுபாடு அறியாது உண்பர். சில வாரங்களில் அவர்களே கீரைக் குழம்புடன் களி கேட்பர். எம் இல்லத்தில் அதுவே நிகழ்ந்தது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. இந்நோயால் எலும்பு மெலியும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்லுணவு ஏது? இனிப்புக்கும் குறைவில்லை. மைசூர்ப்பாகு கடலை மாவினால் ஆவது; அதிரசமும் சர்க்கரைப் பொங்கலும் அரிசியினால் ஆவன.

மறைந்து நிற்கும் கோதுமையே அஞ்சத்தக்கது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, உறையைப் படித்து வாங்க வேண்டும். மாவு அரைக்கும் மில்லில் கோதுமை அரைத்த எந்திரத்திலேயே கேழ்வரகையும் கொட்டுவர். வீட்டிலேயே அரைப்பது நலம். பூரி பொரித்த எண்ணெயில் வடை பொரித்தலும், சப்பாத்திப் பலகையில் அரிசி மாவு தட்டுதலும் ஆகா. 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கப்படும் பண்டத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அப்புரதம் இருக்கலாகாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. இத்துணைச் சிறிய அளவும் கணக்கில் கொள்ளப்படுகிறது என்றால், ஒரு கரண்டி மாவின் தீங்கை எண்ணிப் பாருங்கள். விலையுயர்ந்த அந்நிய மாவுகளும் பிஸ்கோத்துகளும் இதற்கெனக் கடைகளில் விற்கின்றன. எழுத்தர் சம்பளத்தில் அவற்றை வாங்கி மாளாது. வாங்கத் தேவையும் இல்லை.

மீண்டு வரும் தானியங்கள்

மறக்கப்பட்ட தானியங்களைக் காத்தவர்களையும் நன்றியுடன் நினைத்தல் வேண்டும். மாண்டியாவில் இலட்சுமணய்யா என்னும் அறிஞர் இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் ஒட்டி 'இண்டாப்' என்னும் உயர் விளைச்சல் இனங்களை உண்டாக்கினார். 'ராகி பிரம்மா' என்று கன்னட மக்கள் அவரைப் போற்றினர். கோதுமையைப் பெருக்கிய அதே சுவாமிநாதன் அவர்கள் 1988-இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றின் பழைய இனங்களைக் காக்கும் பணியை மேற்கொண்டது. 2023-ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஏழையின் தானியம் உலக அவையில் ஏறிய அந்நாளில் கனகதாசரை நினைத்துக்கொண்டோம்.

இறுதியாக நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விழாப் பந்தியில் ரவைக் கேசரியும் பூரியும் சேமியாப் பாயசமும் இடம்பெறுகின்றன. சாம்பாரில் எப்பெருங்காயம் என்று யாரும் கேட்பதில்லை. கோதுமை ஒவ்வாத குழந்தை இலை போட்டு அமர்ந்து வெறுஞ்சோற்றைத் தயிருடன் உண்டு எழுகிறது. கேசரிக்கு மாறாகச் சர்க்கரைப் பொங்கல், பூரிக்கு மாறாகச் சேவை, சேமியாவுக்கு மாறாகப் பாசிப்பருப்புப் பாயசம், அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் என்று நான்கு மாற்றங்களைச் செய்தால், பந்தி முழுவதும் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாகும். செலவு கூடாது, சுவையும் குறையாது. நம் முன்னோர் 1864-இல் கட்டிக்கொண்டு வந்த உணவுதானே அது! வரும் ஆண்டு விழாவிலேனும் இதனைச் செயற்படுத்துமாறு செயற்குழுவினரை அன்புடன் வேண்டி அமைகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!